ஜனவரி கடைசியில் வாத்து வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் பென்டன்வில்லில் மென்பொருள் வேலை செய்கிறேன். எச்-1பி விசா. அலுவலக நண்பர்கள் மூன்று பேர் ஜனவரி கடைசி வாரம் இதே மாநிலத்தில் உள்ள ஸ்டட்கார்ட் என்ற ஊர்ப் பக்கம் வாத்து, கூஸ் வேட்டைக்கு என்னையும் அழைக்கிறார்கள். இரண்டு நாள். துப்பாக்கி, கோட்டு எல்லாம் அவர்களே தருகிறார்களாம். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. "சீசன் முடியும் நேரம், வாத்து ரொம்ப உஷாராக இருக்கும்" என்றும் சொல்கிறார்கள். போகலாமா? என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

பதில்:

தாராளமாகப் போகலாம். அந்தப் பக்கத்து நெல்வயல்களில் பல வருடங்களாக ஜனவரி விடியல்களைக் கழித்தவன் என்ற முறையில், போங்கள் என்றே சொல்வேன். ஆனால் நண்பர் நீட்டும் துப்பாக்கியை இப்போதைக்குக் கையில் வாங்காதீர்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். காசு கொடுத்து வாங்குவது மட்டும்தான் குற்றம் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நண்பருடையதை இரவல் வாங்கிப் பிடிப்பதும் இதில் சிக்கும். இந்தத் தடைக்குச் சில விலக்குகள் உண்டு, அவற்றில் உங்களுக்கு உதவுவது ஒன்று: அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் தடை நீங்குகிறது. உரிமம் காலாவதியான மறுநாளே தடை திரும்பவும் வந்துவிடும். ஆகவே உரிமம் முதலில், பயிற்சி பிறகு. "சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பறக்கவிடும் களிமண் தட்டைச் சுட்டுப் பழகலாம் வா" என்று நண்பர் கூப்பிட்டாலும், உரிமம் வந்த பிறகு போங்கள். கிரீன் கார்டு வாங்கியவருக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் விசா விவகாரத்தில் வேறு சிக்கல் ஏதாவது இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அரை மணி நேரப் பேச்சுக்கு ஆகும் கட்டணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

உரிமம் எடுப்பது கடினமில்லை. ஆர்கன்சாவில் 1969-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பு முடித்திருக்க வேண்டும். மாநில வேட்டை, மீன்வள ஆணையமே அதை இலவசமாக நடத்துகிறது. வகுப்பைத் தள்ளிப்போட்டு, தகுதியுள்ள பெரியவர் ஒருவரின் கூடவே இருந்து வேட்டையாடவும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்களைப் போலப் புதிதாக வருபவர் வகுப்பைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். துப்பாக்கியை எப்படிக் கைமாற்றுவது, வேலியை எப்படித் தாண்டுவது என்பதையெல்லாம் இருட்டில், குளிரில், சேற்றில் நின்றுகொண்டு கற்கக் கூடாது. உரிமத்தோடு மாநில நீர்ப்பறவை ஸ்டாம்ப் (கட்டணம் கட்டிப் பெறும் அனுமதி), ஹிப் என்று அவர்கள் சொல்லும் வேட்டைக் கணக்கெடுப்புப் பதிவு, கூட்டாட்சி அரசின் டக் ஸ்டாம்ப் ஆகிய மூன்றும் வேண்டும். டக் ஸ்டாம்ப் 25 டாலர். 1934-ல் ஒரு டாலருக்கு ஆரம்பித்த ஏற்பாடு இது. முதல் ஸ்டாம்பை வரைந்தவர் ஜே. என். 'டிங்' டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரர். இதில் வரும் பணத்தில் பெரும்பகுதி சதுப்புநிலங்களை வாங்கிக் காப்பதற்கே போகிறது. இதுவரை அப்படிக் காப்பாற்றிய நிலம் ஏறக்குறைய 60 லட்சம் ஏக்கர். வேட்டைக்காரர் கொடுத்த காசில் பிழைத்த ஏரிகள் அவை. காகித ஸ்டாம்ப் வாங்கினால் அதன் மேல் பேனாவால் குறுக்கே கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பழக்கத்தை ஊருக்குக் கொண்டுபோக முடியாது. ஸ்டட்கார்ட் வயலில் நீங்கள் பார்க்கப்போகும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் குளிர்காலத்தில் தமிழ்நாட்டு ஏரிகளுக்கு வரும் அதே இனங்கள்தான். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றை வேட்டையாடுவது குற்றம்.

இனி, "வாத்து உஷாராக இருக்கும்" என்றார்களே, அது.

அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறக்குறைய பாதி ஆர்கன்சாவில் விளைகிறது. அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல் கிடக்கும். குளிர்காலத்தில் அதில் தண்ணீர் கட்டுகிறார்கள். அறுவடை ஆன வயலில் வாத்து மேய்ப்பதைத் தஞ்சாவூர்ப் பக்கம் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மேய்ப்பவர் ஓட்டி வராமலே, கனடாவிலிருந்து தானாக இறங்கி வருகிற கூட்டம் இது. ஆனால் வரும் வழியெல்லாம் அதைச் சுட்டிருக்கிறார்கள். செப்டம்பரில் கனடாவின் சமவெளியில் தொடங்கிய துப்பாக்கிச் சத்தம் அதற்கு ஐந்து மாதப் பழக்கம். முதல் வாரத்திலேயே ஏமாந்த குஞ்சுகள் போய்விட்டன. ஜனவரியில் மிஞ்சி நிற்பது பாடம் படித்த பறவை. வாத்துகளை ஏமாற்றி இறக்க வேட்டைக்காரர்கள் மிதக்கவிட்டு, ஒரே இடத்தில் ஒரே வரிசையில் இரண்டு மாதமாக நிற்கும் பொம்மை வாத்துக் கூட்டத்தை அது மேலிருந்து பார்த்ததும் கண்டுகொள்ளும்.

இன்னொன்றும் மாறியிருக்கும். ஜனவரிக்குள் மல்லார்டு என்ற காட்டு வாத்துகளில் பெரும்பாலானவை ஜோடி சேர்ந்துவிடும். நவம்பரில் முப்பது நாற்பதாகச் சுழன்ற கூட்டம் இப்போது இரண்டிரண்டாக, நான்கு நான்காக வரும். ஜோடியில் வழி காட்டுவது பெண். அவள் விலகினால் பச்சைத் தலை ஆணும் பின்னாலேயே விலகும். ஜோடிகளுக்குக் கூட்டமும் கூச்சலும் பிடிக்காது, ஒதுக்குப்புறமான சிறு தண்ணீர்தான் பிடிக்கும். அதனால்தான் கடைசி வாரத்தில் அனுபவசாலிகள் டெகாய் எனும் பொம்மைகளைக் குறைப்பார்கள், இடம் மாற்றுவார்கள், வாத்துக் குரலில் குழல் ஊதிக் கூப்பிடுவதைக் குறைப்பார்கள். ஸ்டட்கார்ட்டில் 1936 முதல் வாத்துக் குரல் ஊதும் உலகப் போட்டி நடக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஊதக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஜனவரி கடைசியில் அவர்களில் சிறந்தவர்கள் ஊதுகுழலைக் கழுத்தில் தொங்கவிட்டுச் சும்மா இருப்பதைப் பார்ப்பீர்கள். வாத்து உங்களை நோக்கி வந்துகொண்டிருந்தால் ஊதாதே, திரும்பிப் போனால் மட்டும் மெல்லக் கூப்பிடு. இதுதான் கடைசி வாரத்து முறை.

வானிலையையும் பாருங்கள். கடும் குளிரில் ஆழமில்லாத வயல்கள் உறைந்துவிட்டால் வாத்துகள் ஆற்றுக்கும் பெரிய நீர்நிலைகளுக்கும் போய்விடும். பனி இளகிய முதல் நாள் பசியோடு வயலுக்குத் திரும்பும். அந்த நாள் கிடைத்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். வயலில் பனிக்கட்டி மூடியிருந்தால், உடைத்துச் சில்லுகளை மேலே மிதக்க விடக் கூடாது. பெரிய பாளமாக வெட்டி, பக்கத்துப் பனிக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். பொம்மைகளின் முதுகில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தால் துடையுங்கள். உயிருள்ள வாத்தின் முதுகில் அது நிற்காது. எட்டரை மணிக்கு ஒன்றும் வரவில்லை என்று மூட்டை கட்ட வேண்டாம். சுட்டுப் பழக்கப்பட்ட வாத்துகள் இரவில் மேய்ந்துவிட்டு விடியுமுன் சரணாலயத்துக்குப் போய்விடும். அருகிலுள்ள வொயிட் ரிவர் சரணாலயத்தின் எல்லை எங்கே என்பது வேட்டைக்காரனைவிட அவற்றுக்குத் துல்லியமாகத் தெரியும். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மறுபடி ஒரு நடமாட்டம் இருக்கும். ஜனவரியில் என் நல்ல காலைகளில் பாதி ஒன்பது மணிக்குப் பிறகு கிடைத்தவை.

இதில் உங்கள் பங்கு என்ன? அசையாமல் இருப்பது. வெறும் உபசாரத்துக்காக இதைச் சொல்லவில்லை.

வரப்பில் பதித்த இரும்புப் பெட்டி ஒன்றில் நீங்கள் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருப்பீர்கள். அதற்குப் பிட் என்று பெயர். மேலே வைக்கோலும் புல்லும் மறைப்பு. பன்னிரண்டு மல்லார்டுகள் வருகின்றன என்று வையுங்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் சிறகை வளைத்து, ஆரஞ்சுக் கால்களைத் தொங்கவிடத் தொடங்குகின்றன. தலைக்கு மேல் இறகு காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்கிறது. அந்த நேரத்தில் புதியவர் கட்டாயம் மேலே பார்ப்பார். நிமிர்ந்த முகம் தண்ணீரில் விழுந்த தட்டு மாதிரி மேலிருந்து பளிச்சென்று தெரியும். அவ்வளவுதான். ஒரு சத்தமும் இல்லாமல் கூட்டம் அப்படியே காற்றில் சரிந்து போய்விடும். பார்க்காதீர்கள். தொப்பியின் விளிம்புக்குக் கீழே, தண்ணீரில் விழும் நிழலைப் பாருங்கள். முகத்துக்குத் துணி கட்டுங்கள். கையுறை போடுங்கள். கைபேசி பையிலேயே இருக்கட்டும்.

காற்றில்லாத காலை என்றால் இன்னொரு வேலையும் கேட்டு வாங்குங்கள். மூன்று நான்கு பொம்மைகளை ஒரு கயிற்றில் கோத்து, ஒரு முனையை ரப்பர் வைத்துத் தரையில் அடித்திருப்பார்கள். மறுமுனை பிட்டுக்குள் வரும். அதைச் சுண்டினால் பொம்மைகள் அசைந்து நீரில் அலை பரவும். பாடம் படித்த வாத்துக்கு ஜனவரியில் நம்பிக்கை வருவது அந்த அலையைப் பார்த்துத்தான். வாத்து வால் காட்டும்போது சுண்டுங்கள், முகம் காட்டும்போது நிறுத்துங்கள். என் யோசனை இதுதான்: முதல் நாள் காலை முழுக்கத் துப்பாக்கி இல்லாமல் அந்தக் கயிற்றோடு உட்காருங்கள். இரண்டாம் நாள் சுடுங்கள். ஒரு காலை முழுவதும் பார்த்தவருக்கு, எது முப்பது கஜம், எது அறுபது கஜம் என்று கண்ணுக்குப் பிடிபடும். அது தெரியாமல் எட்டாத பறவையைச் சுட்டால் அது சாகாது. காயத்தோடு எங்கோ போய் விழும். வேட்டையில் எனக்குப் பொறுக்காத ஒன்று அது. முப்பது, முப்பத்தைந்து கஜத்துக்குள் வராத பறவையை நீங்கள் சுட வேண்டாம். விழுந்த பறவையைத் தேடி எடுக்க முயல்வது சட்டப்படியும் கடமை.

கூஸ் வேறு கதை. வெள்ளை ஸ்னோ கூஸ் ஆயிரக்கணக்கில் ஒன்றாக வரும், பத்து இருபது வருடம் பார்த்த கிழப் பறவைகள் அந்தக் கூட்டத்தில் இருக்கும். அதை ஏமாற்ற நூற்றுக்கணக்கில் பொம்மை வேண்டும். நாலு பேர் இரண்டு நாளில் அதைத் துரத்துவது வீண் அலைச்சல். வயிற்றில் கரும்பட்டைகளும் நெற்றியில் வெள்ளையும் கொண்ட ஸ்பெக் கூஸ்தான் உங்களுக்கு ஏற்றது. சிறு குழுவாக வரும், குரலுக்குப் பதில் சொல்லும், இறைச்சியும் அருமை. பிப்ரவரியில் ஸ்னோ கூஸ் போன்ற வெள்ளைக் கூஸ்களுக்கு மட்டும் தனி அனுமதிக் காலம் தொடங்கும். அவை பெருகி வடதுருவப் பகுதியின் புல்வெளியை வேரோடு தின்று அழித்ததால் 1999-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. அப்போது மின்கருவியில் பறவைக் குரலை ஒலிக்கவிடலாம், துப்பாக்கியில் தோட்டா எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை, ஆளுக்கு இத்தனை பறவை என்ற அளவும் இல்லை. ஜனவரி வேட்டைக்கு அந்தச் சலுகைகள் பொருந்தாது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், இரவல் துப்பாக்கி அந்த பிப்ரவரியிலிருந்து அப்படியே வந்திருக்கலாம். வாத்து வேட்டையில் ஷாட்கன் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. அதற்காக உள்ளே ஒரு குச்சி அடைத்திருப்பார்கள், பிப்ரவரியில் அதைக் கழற்றிவிடுவது வழக்கம். திரும்ப மாட்டியிருக்கிறாரா என்று நண்பரைக் கேளுங்கள். இரவல் கோட்டின் பைகளையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். செப்டம்பரில் புறா சுட்ட ஈயத் தோட்டா ஒன்று மூலையில் கிடக்கும். 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடை. சுடாவிட்டாலும், வேட்டையின்போது பையில் இருந்தாலே குற்றம். எஃகு, பிஸ்மத் போன்ற அனுமதிக்கப்பட்ட ஈயமில்லாத தோட்டாக்கள் மட்டுமே. பையிலிருந்து மஞ்சள் நிறத் தோட்டா விழுந்தால் இன்னும் கவனம். அது 20 கேஜ், அதாவது குழல் சிறிதான துப்பாக்கிக்கு உரியது. 12 கேஜ் துப்பாக்கியில் அதைப் போட்டால் வழுக்கி உள்ளே போய்க் குழலில் நிற்கும். பின்னாலேயே 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அந்த மஞ்சள் நிறமே இந்த ஆபத்துக்காக வைத்ததுதான். குழலில் சேறோ பனியோ புகுந்தாலும் அதே ஆபத்து. தடுக்கி விழுந்தால் எழுந்ததும் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலை வெளிச்சத்தில் பாருங்கள்.

சுடும்போது உங்களுக்கென்று ஒரு துண்டு வானம் உண்டு. இடது ஓரத்தில் இருப்பவருக்கு இடப்பக்கம், வலது ஓரத்தில் இருப்பவருக்கு வலப்பக்கம். பறவை பக்கத்துத் துண்டுக்குள் போனால் அது உங்களுடையது அல்ல. துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டே போனால் அது நண்பரின் காதுக்கு அருகே வரும். "சுடு" என்று சொல்ல ஒருவரை மட்டும் வையுங்கள், அவர் சொல்லும்வரை யாரும் எழக் கூடாது, துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டான சேஃப்டியைத் தள்ளக் கூடாது. விழுந்த பறவையை எடுத்துவர நாய் தண்ணீருக்குள் போய்விட்டால் எல்லாத் துப்பாக்கியும் கீழே. தோட்டா நிரப்பிய துப்பாக்கியை நாய் நடமாடும் இடத்தில் சாய்த்து வைக்காதீர்கள்.

துப்பாக்கியைவிட நான் அதிகம் பயப்படுவது தண்ணீருக்கு. மார்பு வரை ஏறும் வேடர்ஸ் என்ற நீர்புகா உடையைப் போட்டுக்கொண்டு இருட்டில் நடப்பீர்கள். வயலில் முழங்கால் அளவே தண்ணீர் என்று அலட்சியம் வரும். ஆனால் வரப்பை ஒட்டி, வரப்புக்காக மண் எடுத்த பள்ளம் ஓடும். என் இரண்டாவது சீசனில், பொம்மை மூட்டையைத் தோளில் சுமந்தபடி அந்தப் பள்ளத்தில் கால் வைத்தேன். கழுத்து வரை போனது. குளிர்ந்த நீர் நெஞ்சில் பட்டதும் மூச்சு தானாக உள்ளிழுத்தது, என்னால் அடக்க முடியவில்லை. வாய் நீருக்கு மேலே இருந்ததால் பிழைத்தேன். இடுப்பு வாரை இறுகக் கட்டியிருந்ததால் தண்ணீர் மெல்லத்தான் உள்ளே வந்தது. நண்பர் ஒருவர் டெகாய்க் கயிற்றை வீசி இழுத்தார். வரப்பில் ஏறிய பிறகு என் சட்டைப் பொத்தானை என் விரல்களால் கழற்ற முடியவில்லை. அவர்தான் கழற்றினார். அன்றிலிருந்து ஒரு முழு மாற்றுடை வண்டியில் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. வாரைக் கட்டுங்கள், கையில் ஒரு தடி வைத்துத் தரையைத் தட்டித் தட்டி நடங்கள், இருவராக நடங்கள். படகில் போவதாக இருந்தால் உயிர்காப்புச் சட்டை போடாமல் ஏறவே கூடாது. உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை உடுப்பு போடுங்கள், பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

விடியல் ஏழு மணியை ஒட்டி இருக்கும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனம் வரை சுடலாம். ஆனால் அந்த முதல் பத்து நிமிடத்தில் உங்களுக்கு ஆணும் பெண்ணும் தெரியாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆறு வாத்து, அதில் மல்லார்டு நான்கு, அந்த நான்கில் பெண் இரண்டுக்கு மேல் கூடாது. மற்ற இனங்களுக்கான எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் மாறும், அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் பாருங்கள். பச்சைத் தலை தெரியும்வரை காத்திருங்கள். காதும் உதவும்: உரக்க 'க்வாக்' என்று கத்துவது பெண். ஆணுக்குக் கரகரத்த மெல்லிய குரல்தான்.

நண்பர்களோடு போகும்போது ஒரு சங்கடம் வரும், முன்பே தெரிந்துகொள்ளுங்கள். "நீ நாலுதான் அடித்தாய், உன் கணக்கில் மிச்சம் இரண்டை நான் அடித்துத் தருகிறேன்" என்பார் ஒருவர். அன்பாகத்தான் சொல்வார். ஆனால் அளவு ஆளுக்கு ஆள் தனி. குழுக் கணக்கு கிடையாது. உங்கள் பறவைகளைத் தனி வாரில் கோத்து வையுங்கள், மற்றவர்களுடையதோடு குவிக்காதீர்கள். விசாவில் இருப்பவருக்கு ஒரு சிறு அபராதமும் பிற்பாடு பெரிய தலைவலியாகலாம். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். நல்ல நண்பர் தப்பாக நினைக்க மாட்டார்.

திரும்பி வர நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம். வீடு வந்து சேரும்வரை ஒவ்வொரு பறவையிலும் தலையோ, இறகோடு ஒரு சிறகோ ஒட்டியிருக்க வேண்டும். எந்த இனம் என்று அதிகாரி அடையாளம் காண்பதற்காக. நண்பர் தன் பறவைகளை உங்களிடம் கொடுத்தனுப்பினால், அவர் கையெழுத்து, முகவரி, எத்தனை பறவை, என்ன இனம், எந்தத் தேதியில் அடித்தது என்று எழுதிய சீட்டு அவற்றோடு இருக்க வேண்டும்.

சுத்தம் செய்யும்போது ரப்பர் கையுறை போடுங்கள். 2022 முதல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வட அமெரிக்கக் காட்டுப் பறவைகளிடம் பரவலாக இருக்கிறது, ஸ்னோ கூஸ்கள் நிறைய மடிந்தன. தடுமாறி நடக்கும் பறவையையோ செத்துக் கிடப்பதையோ தொடாதீர்கள். பச்சைக் கறியை நாய்க்கும் போடாதீர்கள். கறியின் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். அமெரிக்க நண்பர்கள் வாத்து நெஞ்சுக்கறியை உள்ளே சிவப்பாகவே எடுத்துவிடுவார்கள். நம் வழக்கப்படி நன்றாக வேகவைப்பதே இங்கே சரி. நெஞ்சுக்கறியை உப்புத் தண்ணீரில் ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் ஊறவிட்டால் ரத்த வாடை போகும். மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம் அரைத்துப் போட்டு மூடி, சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் வேகட்டும். கூஸ் கால்களுக்கு இரண்டரை மணி நேரமாவது வேண்டும். நெல் தின்று கொழுத்த ஜனவரி மல்லார்டின் கறி, குழம்பின் மேல் தானாக எண்ணெய் மிதக்கவிடும். ஆகவே தாளிக்கும் எண்ணெயைப் பாதியாகக் குறையுங்கள். வேகவைக்கும் முன் ஒவ்வொரு துண்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள். சிறு துளையில் இறகு உள்ளே போயிருந்தால், அதன் முனையில் குண்டு இருக்கும். எஃகுக் குண்டு, கடித்தால் பல் போய்விடும். குழந்தைகளுக்குப் பரிமாறும் துண்டுகளை இரண்டு தடவை பாருங்கள்.